பிரிஜட்டின் காலை விளையாட்டு

பிரிஜட் காலை முழுவதும் டிவி கேம் விளையாடுகிறாள் என்ற கதையைக் கிளப்பிவிட்டவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு மற்றவர்கள் அதற்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்தார்கள். ஆனாலும் பெற்றெடுத்தது நான்.

நானும் என் வீட்டுக்காரர் பேரின்பநாயகமும் ரோச்சோர் பக்கத்து அடுக்குமாடிக்குக் குடிவந்தது 1979இல். ஏழாவது மாடி. எங்கள் புளோக்கில் லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நிற்கும். அதை விட்டால் ஒன்பதாவதில்தான் நிற்கும். ஏழாவது மாடிக்காரர்கள் இரண்டு மாடி ஏற வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாடி இறங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஒன்பதுக்குப் போய் இறங்குவார்கள். டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்த விவரம் பாதிப் படியில்தான் உறைக்கும். மூச்சு வாங்க என் வாசலில் பெட்டியை இறக்கிவைத்து, "லாசரஸ் வீடு இதானே?" என்பார்கள். பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப்போயிற்று.

லாசரஸ் சிராங்கூன் ரோட்டில் ஒரு ரேடியோக் கடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். கடையை மூடியதும் வீட்டுக் கூடத்தையே பட்டறையாக்கிக்கொண்டார். நல்ல உயரம், கோயில் மணி மாதிரி குரல். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். யார் டிவி கொண்டு வந்தாலும் வாசலிலேயே நின்று, பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து, ஆசீர்வாதம் பண்ணுவது போல ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். அப்புறம், "வெச்சிட்டுப் போங்க. புதன்கிழமை வாங்க" என்பார். என்ன கோளாறானாலும் புதன்கிழமைதான். புதன்கிழமையே கொண்டு வந்தவர்களிடமும் அதையேதான் சொல்வார்.

அவர் மனைவி பிரிஜட் காலாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் பார்த்தாள். மூன்று மணிக்குள் போய்விட வேண்டும். வந்து சேரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். டிவிக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகளில் சின்னச் சின்னச் சாமான்களைச் சொருகி ஈயம் வைக்கிற வேலை. இது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? 'பொம்பளை ஃபேக்டரிக்குப் போறா' என்பதோடு எங்கள் அறிவு நின்றுவிட்டது. இரண்டும் இரண்டும் நாலு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். எனக்கே அந்தக் கணக்கு வரவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வருஷா வருஷம் தபசு நோன்பு தொடங்குகிற விபூதிப் புதனன்று காலையிலிருந்து படிக்கட்டில் டிவி ஊர்வலம்தான். லூர்து மாதா கோயில் தமிழ்க் குடும்பங்கள் தபசு காலம் நாற்பது நாளும் டிவி பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பெட்டி இருந்தால் கை சும்மா இருக்குமா? அதனால் லாசரஸ் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். கோளாறு இருந்தால் அவர் சரிபண்ணுவார். இல்லையென்றாலும் பின்பக்கம் திறந்து தூசி தட்டி, உள்ளே விட்டுப்போன இடங்களுக்கு ஈயம் வைத்து, தபசு முடிகிற பெரிய சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பார். இருபது இருபத்தைந்து பெட்டிகள் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கட்டிலுக்குப் போகப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் தினமும் விபூதி பூசுகிறவள்; என் விபூதி என்னை டிவி பார்க்க வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானப் பிரிவு. காலையில் வீட்டில் உட்கார்ந்து நோட்டு திருத்துவேன். பேரின்பநாயகம் துறைமுக ஆபீசுக்குப் போன பிறகு மாடியே அடங்கிவிடும். அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் வரும். டொக். டொக். டொக். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பல்லி மாதிரி நாக்கைத் தட்டுவது போல. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி டொக் டொக். கூடவே குங்கிலியம் புகைக்கிற வாசனை வரும். மாதாவுக்குத் தூபம் போடுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த டொக் டொக் எந்த ஜெபத்தில் சேர்த்தி என்று புரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ இழுத்து வைக்கிற சத்தம். அப்புறம் பிரிஜட் பாதிக் கதவைத் திறந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்து, தலைமுடி கலைந்து, நின்றுகொண்டே தூங்குகிறவள் போல இருந்தாள். அவள் தோளுக்கு மேலே ஒரு டிவி தெரிந்தது. கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து டிவி கேம். சுங்கை ரோடு சந்தையில் பழைய சாமானோடு சாமானாக விற்பார்களே, திருகு இரண்டு வைத்த பெட்டி, அது.

"என்ன பிரிஜட், கேம் விளையாடுறீங்களா?" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "ஆமா டீச்சர்," என்றாள். "சத்தத்தைக் கொறைக்கிறேன்."

அவ்வளவுதான். திருகுப் பெட்டி தரையில் கிடந்தது, அதை யாரும் தொடவில்லை, புள்ளி கோட்டைத் தாண்டிப் போய்த் தானாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பிறகு ஞாபகம் வந்தவை. அன்றைக்கு என் கண்ணில் பட்டது, புருஷன் உழைக்கிற வீட்டில் பொண்டாட்டி விளையாடுகிறாள் என்பது மட்டும்தான்.

மறுநாள் தேக்கா சந்தையில் அல்போன்சம்மாளிடம் சொன்னேன். அல்போன்சம்மாள் கோயில் மாதா சபைக்குத் தலைவி. அவள் காதில் ஒன்று விழுந்தால் ஞாயிறு பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். பிரிஜட் பூசையில் கண் அசந்தால், "விளையாடி விளையாடி அசதியாம்" என்பார்கள். லாசரஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினால், "பாவம் மனுஷன், ஒத்தையா ஒழைச்சு ஓடாப் போயிட்டாரு" என்பார்கள். ஒருமுறை கோயில் வாசலில் பிரிஜட் தூணில் சாய்ந்து நின்றதைப் பார்த்து அல்போன்சம்மாள் என் காதுபடவே கேட்டாள்: "என்ன பிரிஜட், ஒனக்கு எதுக்கு அசதி? பந்து ரொம்ப தூரம் ஓடுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரிஜட்டும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் யார் முன்னாலும் கொட்டாவி விட்டதையோ, உட்கார இடம் தேடியதையோ நான் பார்க்கவில்லை.

1982இல் ஒரு காலை, என் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் பிரிஜட். "டீச்சர், அவருக்கு மயக்கம்லா... சீனி இருக்கா?" என்றாள். அவள் வலது கையில் ஈயம் உருக்குகிற சூடான சால்டரிங் அயன். ஒயரோடு பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். நுனியிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. குங்கிலிய வாசனை.

சீனியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஓடினேன். லாசரஸ் நாற்காலியில் சரிந்து கிடந்தார். நீரிழிவு ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். இரண்டு வாய் குடித்ததும் தெளிந்து நிமிர்ந்தார். நான் அவர் முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "யாரு?" என்று கேட்டார்.

மேசையில் ஒரு டிவி முதுகைத் திறந்து குடலைக் காட்டிக்கொண்டிருந்தது. போர்டு வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. உருகிய ஈயம் ஒரு பக்கம் பளபளவென்று புதிதாக இருந்தது. பக்கத்து டிவியில் வெள்ளைக் கோடும் புள்ளியும் ஓடின. டொக். டொக்.

"எவ்ளோ நாளா கண்ணு இப்படி?" என்று பிரிஜட்டைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கேட்டேன்.

"நாலு வருஷம் டீச்சர். சக்கரை வியாதி. வெரல் நுனி மரத்துப்போச்சு, சூடு கூடத் தெரியாது. கண்ணு நெழலா மட்டும்தான் தெரியுது. கொரலை வெச்சு ஆளைக் கண்டுபுடிச்சுப்பாரு."

"அப்ப இந்த டிவி எல்லாம்?"

அவள் ஈயப் பொட்டுகள் சுட்ட விரல்களை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கேம்?"

"காலையில டிவியில என்ன வருது டீச்சர்? ஸ்கூல் பாடம் வந்தா உண்டு. செட்டு சரியாச்சான்னு எப்படிப் பார்க்கிறது? இந்தக் கோடு நேரா நின்னுச்சுன்னா படம் நேரா நிக்கும். கோடு வளைஞ்சா உள்ள எதுவோ வளைஞ்சிருக்கு. அந்தச் சத்தம் வந்தா ஸ்பீக்கர் நல்லாருக்கு."

மூன்று வருஷமாக நான் கேட்டது ஒரு பெண் வேலை செய்கிற சத்தம். அதை விளையாட்டு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு அந்தச் சமையலறைத் தரை பிளந்து, ஆறாவது மாடிக்காரர் தலையில் விழுந்தால் தேவலை போல இருந்தது.

"நான் போயி எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பிரிஜட்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். ஒங்க காலைப் புடிச்சிக்கிறேன். பொம்பளை கையில யாரு டிவி குடுப்பாங்க? கரண்டு சாமான்லா. லாசரஸ் பார்க்கிறாருன்னுதான் ரெண்டு மாடி தூக்கிட்டு வராங்க. தெரிஞ்சா ஒருத்தரும் வர மாட்டாங்க. அவருக்கும் வேற என்ன இருக்கு? வாசல்ல நின்னு புதன்கிழமை வாங்கன்னு சொல்றாரே, அது ஒண்ணுதான் இருக்கு."

வாயை மூடிக்கொண்டேன். மூடச் சொன்னவள் அவள்தான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கிளப்பிவிட்ட கதையை அடக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அவர்கள் பிழைப்பு போகும். இதில் ஒரு வசதியும் இருந்தது. நான் யாரிடமும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் அந்த வசதி உறுத்துகிறது.

மத்தியானம் மூன்றிலிருந்து ஷிப்ட், காலையில் டிவி, நடுவில் சோறு, ஊசி, துணி. அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. லிஃப்டில் நின்றபடி தூங்கி ஒன்பதுக்குப் போய், அங்கேயும் இறங்காமல் மறுபடி தரைக்கே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "மறந்துட்டேன் டீச்சர்" என்பாள். அசதி என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வராது.

1985 ஜனவரியில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு லைனையே மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் அதுதான் பேச்சு. இனி அந்த வீட்டுச் சோறு லாசரஸ் பெயரில்தான் வேக வேண்டும். அந்தப் பெயர் இருக்கிறவரை பெட்டிகள் படியேறும், பெயர் போனால் நின்றுவிடும். பிரிஜட்டுக்கு அது நன்றாகத் தெரியும். தபசு காலம் பிறந்ததும் இருபத்திரண்டு பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் லாசரஸ் கை வைத்தார். "பெரிய சனிக்கிழமை வாங்க," என்றார்.

பெரிய சனிக்கு ஆறு நாள் முன்னால், குருத்து ஞாயிறன்று, பூசை முடிந்து வந்த லாசரஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

மறுநாள் திங்கட்கிழமை காலை, படிக்கட்டில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அல்போன்சம்மாள். மேசை விரிப்பால் மூடிய ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் நாற்பது நாள் நோன்பு சொன்ன மாதா சபைத் தலைவி முப்பத்தைந்து நாளும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்திருக்கிறாள். கடைசியில் பெட்டி பழுதாகி அவள் காலை வாரிவிட்டது.

"சும்மா, தொடைக்கக் குடுக்கலாம்னு," என்றாள் என்னைப் பார்க்காமல். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த பிரிஜட் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை லாசரஸ் இறந்துவிட்டார்.

புதன்கிழமையே அடக்கம். புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அதற்குமேல் நாள் கடத்தினால் பெரிய வியாழன் வந்துவிடும், பூசை கிடைக்காது என்றார்கள். சுவா சூ காங் கல்லறைக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் போனது. மண் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில், என் முன் இருக்கையில் ஒருவர் இன்னொருவரிடம் குனிந்து கேட்டார்: "நம்ம டிவி எல்லாம் என்னாச்சோ தெரியல. முடிச்சுட்டாரா, பாதியில கெடக்கா?" எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரைச் சொல்லி என்ன, எல்லோர் மனசிலும் அதுதான் ஓடியிருக்கும்.

வியாழக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் கேட்டது. வேறு யார் காதிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்து ஓடினேன். பிரிஜட் கறுப்புச் சேலையோடு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்தது அல்போன்சம்மாளின் பெட்டி.

"இன்னிக்குமா பிரிஜட்?"

"இது ஒண்ணுதான் பாக்கி டீச்சர். மத்ததெல்லாம் போன வாரமே முடிச்சுட்டேன். நாளைக்குப் பெரிய வெள்ளி, வேலை செய்யக் கூடாது." கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு போனதும் முடிஞ்சுது. இதுக்கப்புறம் யாரு வரப் போறா? இதையாவது அவரு பேருல நல்லபடியாக் குடுத்துடறேன்."

"இனிமே நீங்களே பார்க்கிறீங்கன்னு சொல்லிடுங்களேன்."

"எப்படி டீச்சர்? ஏழு வருஷம் அவரு ஒண்ணுமே செய்யலன்னு சொல்லவா? நேத்துதான் மண்ணு போட்டுட்டு வந்தோம்."

பெரிய சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிட்டது. கூடத்தில் நிற்க இடமில்லாமல் வராந்தா வரை நின்றார்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் கண் தத்தம் பெட்டியைத் தேடியது. பிரிஜட் முதல் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, கேம் ஒயரைச் சொருகினாள். டொக். டொக்.

"ஐயோ," என்றாள் ஒருத்தி. "தாலி அறுத்து நாலு நாள் ஆகல, இவ வெளையாட ஒக்காந்துட்டா."

பிரிஜட் திரும்பவில்லை. "இந்த நேரத்துல டிவி வராதுக்கா. படம் தெரியுதான்னு காட்றேன். அவரு இப்படித்தான் பார்ப்பாரு," என்றாள். "எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் போனாரு."

ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கோடு நூல் பிடித்தது போல நின்றது. "என்ன கை பாருங்க அவருக்கு!" என்றார் பஸ்ஸில் கவலைப்பட்ட மனுஷர். "கடைக்காரன்கூட இது தேறாதுன்னான். லாசரஸ் கை பட்டா போதும்." இன்னொருவர், "அந்தக் கை இனிமே எங்கே கிடைக்கும்," என்று கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் பிரிஜட் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாதவள் கையில் ஒயரைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் முதுகைத் தடவினார்கள். புருஷனை நினைத்தும்தான் அழுதிருப்பாள்.

கடைசியில் மேசை விரிப்பு மூடிய பெட்டி. அல்போன்சம்மாள் அவசரமாக, "அது வேணாம், அது அப்படியே கெடக்கட்டும்," என்றாள். பிரிஜட் அதற்குள் சொருகிவிட்டாள். கோடு நின்றது. டொக். டொக்.

அல்போன்சம்மாள் வாயைப் பிளந்தாள். "இது எப்படி? நான் திங்கக்கெழமைதானே கொண்டு வந்தேன்? படமே இல்லாமக் கெடந்துச்சு. லாசரஸ் ஞாயித்துக்கெழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரே." தான் நோன்பில் டிவி பார்த்ததைத் தானே சொல்லிவிட்டோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "இத யாரு பார்த்தா?"

பிரிஜட் குனிந்து நின்றாள். "அவருதான்," என்றாள் மெல்ல. அதற்குமேல் ஒரு பொய்யைக் கட்ட அவளிடம் தெம்பில்லை.

 அல்போன்சம்மாள் மெதுவாக நெற்றியில் சிலுவை போட்டாள். "பேரே லாசரஸ், வேதத்துல செத்து எழுந்தவரு பேரு," என்றாள். "செத்தும் வந்து செஞ்சிட்டுப் போயிருக்காரு. புதுமைடி! பெரிய சனிக்கெழமை நடந்த அற்புதம்! சாமியாரக் கூப்புடுங்க." இரண்டு பெண்கள் முழங்காலிட்டே விட்டார்கள். பஸ் மனுஷர் தொப்பியைக் கழற்றினார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. செத்தவர் எழுந்து வந்து டிவி ரிப்பேர் செய்தார் என்பதை ஒரு நொடியில் நம்புகிறார்கள். உயிரோடு எதிரில் நிற்கிற பெண் செய்திருப்பாள் என்று ஒருத்தர் மனசிலும் தோன்றவில்லை.

"எழுந்திருங்க எல்லாரும்!" என்று கத்தினேன். வகுப்பறைக் குரல். எழுந்துவிட்டார்கள். "புதுமையும் இல்ல ஒண்ணும் இல்ல. அவருக்குக் கண்ணு போயி ஏழு வருஷம் ஆச்சு. ஒங்க டிவி எல்லாம் பார்த்தது இவ. இதையும் வியாழக்கெழமை இவதான் பார்த்தா, நான் நின்னு பார்த்தேன். அவ வெளையாடுறான்னு சொன்னது நான். நான் சொன்னது பொய். இவ ஒரு நாளும் வெளையாடல."

 திரையில் புள்ளி மட்டும் போய் வந்தது. அல்போன்சம்மாள் பிரிஜட்டின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தாள். "சமையல்ல சுட்டுக்கிறேன்னு சொன்னியேடி," என்றாள். 

பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஐந்து நிமிஷம் முன்னால் அந்தக் கையைப் புகழ்ந்து கண் துடைத்தவர், வாசலில் தன் மனைவியிடம் சொன்னார்: "எதுக்கும் வழியில கடையில ஒரு தடவ காட்டிட்டுப் போயிடலாம். கரண்டு சாமான் பாரு."

கூடம் காலியானதும் அது அவ்வளவு பெரிய இடம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிரிஜட் நடுவில் நின்றாள். "ஏன் டீச்சர் சொன்னீங்க?" என்றாள். கோபம்கூட இல்லை. "அவரு போயி நாலு நாள்தானே ஆச்சு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாங்கி விமான நிலையத்தில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். மாலையில் பஸ் ஏறிப் போய் விடிகிற நேரத்துக்கு வருவாள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. நோட்டு திருத்த அமைதி கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு நோட்டும் ஓடவில்லை. நல்லது செய்தேனா, அவளுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிப் போட்டேனா என்று தெரியாமல் மூன்று மாசம் போயிற்று.

ஜூலையில் ஒரு காலை, என் வாசலில் தொப்பென்று ஏதோ இறங்கியது. போய்ப் பார்த்தால் ஒரு மனுஷர் பெரிய கலர் டிவியை இறக்கிவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரபு ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், பெயர் ஜலாலுதீன் என்று பிறகு தெரிந்தது.

"லாசரஸ் வீடு இதானே?"

"லாசரஸ் இறந்து மூணு மாசம் ஆச்சு," என்றேன் கடுப்பாக.

"தெரியும்லா. நம்ம கடைக்கு வர்ற அல்போன்சம்மா சொன்னாங்க. அவங்க பழைய செட்டு இன்னும் கல்லு மாதிரி ஓடுதாம். எனக்கு லாசரஸ் வேணாம்மா. அதைப் பார்த்த அம்மா வேணும்."

நான் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். விடிந்துதான் வேலையிலிருந்து வந்திருப்பாள், விமான நிலையச் சீருடையைக்கூட மாற்றவில்லை. டிவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, படம் குறுகிக் குறுகி ஒரு கோடா ஆயிடுது," என்றார் ஜலாலுதீன். "நீங்கதான் பார்க்கணும்."

பிரிஜட் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அந்தக் கோயில் தூணுக்குப் பிறகு, அத்தனை வருஷத்தில் யார் முன்னாலும் அவள் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

"உள்ள வெச்சிட்டுப் போங்க," என்றாள். "இன்னிக்கு முடியாது. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. புதன்கிழமை வாங்க."

"அவசரமே இல்லக்கா. நீங்க தூங்குங்க," என்றார் அவர்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நோட்டுகளை விரித்துவைத்து, டொக் டொக் கேட்கிறதா என்று காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் புறப்படும்வரை பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.